சோணைக்கு ஒரு பாக்கு

விசேஷத்துக்கு அழைக்க வருகிறவர்கள் சிலமலையில் ஒரு வீட்டுக்கு ஒரு பாக்குத்தான் வைப்பார்கள். வீரணன் கையில் மட்டும் இரண்டு வைத்தார்கள்.

“இது ஒனக்கு, வீரணா. இது சோணைக்கு.”

சோணை அவனுடைய அண்ணன். மலேயாவில் இருந்தான். கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு எதற்குப் பாக்கு என்று யாரும் கேட்டதில்லை, வீரணனும் கேட்டதில்லை. பாக்கைக் கையில் வாங்கிவிட்டால் விசேஷத்துக்குப் போய் மொய் எழுதியாக வேண்டும். சோணையின் பாக்குக்கும் அவன்தான் எழுதினான். எட்டு வருஷமாக எழுதினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷம் வைகாசியில் சோணை தன் மகனுக்குக் காது குத்தினான். இரண்டு கிடா வெட்டி, சுற்றியிருந்த மூன்று ஊரையும் அழைத்திருந்தான். சாப்பிட்டு எழுந்தவர்கள் மொய் எழுத வரிசையாக வந்தார்கள். ஐந்தாவது வரை படித்தவன் என்பதால் நோட்டில் எழுத உட்கார்ந்தவன் வீரணன். பக்கத்தில் பேச்சிமுத்து மாமா, வாங்கிய ரூபாயைத் தூக்கிக் காட்டி, கொடுத்தவனின் ஊரையும் பேரையும் கூவினார். அவர் குரல் ராசிங்காபுரம் வரை கேட்கும் என்பார்கள். அது பொய், பாதி தூரம் கேட்டிருக்கலாம். எண்பத்து மூன்று பேர், நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

ஒரு மாதம் கழித்து சோணை பெண்டாட்டி பிள்ளையோடு கப்பலேறிவிட்டான். ஈப்போவில் அவனுடைய மச்சினன் கடை வைத்திருந்தான். கப்பல் சீட்டுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது என்பது காதுகுத்துக்கு முன்பே வீரணனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எண்பத்து மூன்று பெயரையும் எழுதினான். இந்த ஒன்றை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி கருத்தம்மாவிடம்கூட. பின்னால் அவன் பட்ட பாட்டைப் பார்த்து நல்ல மனுசன் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சொல் அவனுக்கு முழுதாகப் பொருந்தாது. அவன் செய்ததில் பாதி, ஊருக்குப் பயந்து செய்தது. மீதி, அந்த நோட்டில் இருந்தது அவன் கையெழுத்து என்பதால் செய்தது.

போடியில் அப்போது ரயில் இல்லை. சண்டைக்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மதுரை பஸ்சில் ஏறுமுன் சோணை தம்பியின் தோளைப் பிடித்தான்.

“மூணே வருசம்டா. வந்து எல்லாருக்கும் செஞ்சிருவேன். அதுவரைக்கும் ஊருக்குள்ள எம்பேரு கெட்டுறாமப் பாத்துக்க.”

“சரிண்ணே.”

பிறகு தண்டவாளம் திரும்பி வந்தது. ரயிலும் வந்தது. சோணை வரவில்லை.

மொய் அந்தப் பக்கத்தில் கடன்தான், ஆனால் மற்றக் கடனைப் போன்றதல்ல. அதற்கு வட்டி இல்லை, கெடு இல்லை. கொடுத்தவன் வீட்டில் விசேஷம் வரும்போது வாங்கியவன் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கினதை மட்டும் திருப்பினால் போதாது. மேலே ஒரு ரூபாயாவது வைக்க வேண்டும். அந்த மேல்ரூபாய் இப்போது வைத்தவனுக்கு வரவேண்டிய மொய் ஆகிவிடும். அடுத்த தடவை மற்றவன் அதைத் திருப்பி, தன் பங்குக்கு மேலே ஒன்று வைப்பான். இப்படியே கணக்கு தீராமல் போய்க்கொண்டிருக்கும். தீராமல் வைத்திருப்பதற்காகத்தான் அந்த ஒரு ரூபாய். வாங்கினதற்குச் சரியாக, கூட்டாமல் குறைக்காமல் ஒருவன் மொய் வைத்தால், உன் வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று அர்த்தம். சண்டை போட்டுப் பிரிகிறவர்கள்தான் அப்படி வைப்பார்கள்.

சோணை போன வருஷம் ஆவணியிலேயே முதல் இரண்டு பாக்கு வந்தது. கல்யாண வீட்டில் வீரணன் தன் பேருக்கு மூன்று ரூபாய் எழுதினான். பிறகு மடியை அவிழ்த்து இன்னும் ஏழு ரூபாயை எடுத்து நீட்டினான்.

“இது எங்கண்ணன் மொய். அவரு பேரச் சொல்லுங்க, மாமா.”

பேச்சிமுத்து ரூபாயையும் அவனையும் பார்த்தார். பிறகு கூவினார். “சிலமலை சோணை, மலேயா, ஏழு ரூவா.”

பந்தலில் சிரிப்பு எழுந்தது.

“கப்பல்ல வந்த மொய்யா மாமா? நனஞ்சிருக்கான்னு தொட்டுப் பாத்து வாங்குங்க.”

“உப்புக் கரிக்குதான்னும் பாருங்க.”

வீரணனும் சிரித்தான். அண்ணன் பேர் கெடவில்லை என்பது அவனுக்குப் போதுமாக இருந்தது. தான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய அவனுக்கு எட்டு வருஷம் ஆயிற்று. கருத்தம்மாவுக்கு அன்றைக்கே ஏதோ உறுத்தியது.

“ஒங்க மடியில இருந்து போற காசுக்கு ஒங்க பேரச் சொன்னா நாக்கு வெந்துருமா?”

“வாங்குனது அண்ணன். அவரு பேருலதான திரும்பணும்.”

“அப்ப அவரையே குடுக்கச் சொல்லுங்க.”

சோணை இரண்டு தடவை பணம் அனுப்பினான், முதலில் முப்பது, பிறகு இருபது. அதற்குப் பிறகு கடுதாசி மட்டும் வந்தது. பிறகு அதுவும் வருஷத்துக்கு ஒன்று ஆனது.

ஆடியிலிருந்து தை வரை வீரணனுக்கு மலையில் சோலி. ஏலத்தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்த வேண்டும். ஸ்டோர் என்பது நாலு பக்கமும் அடைத்த அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். தட்டு தட்டாகப் பச்சைக் காய் அடுக்கியிருக்கும். சூடு ஏறினால் காய் வெடித்துப் பச்சை போய்விடும். இறங்கினால் பூசணம் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை உள்ளே போய்க் கையை நீட்டிச் சூட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கண் எந்நேரமும் சிவந்திருக்கும். மலையாளத்துச் சூப்பர்வைசர் அவனைப் பார்க்கும்போதெல்லாம் “எந்தா வீரணா, கரைஞ்ஞோ?” என்பார். அழுதாயா என்று கேட்கிறார். வீரணன் புகையைக் கை காட்டுவான்.

மாசி பிறந்தால் கீழே இறங்கி, சிலமலையில் இருந்த அரை ஏக்கரைப் பார்ப்பான். கிணற்றில் கால் பங்கு உண்டு. வீடு சாப்பிட்டது அந்த அரை ஏக்கரில்தான். மலைக்கூலி பெரும்பாலும் பாக்குக்குப் போய்விடும். ஒரு வைகாசியில் மட்டும் பதினோரு வீட்டு விசேஷம், அதாவது இருபத்திரண்டு பாக்கு. அதே மாதம் கிணறு தூர்வாருகிற பங்கும் வந்து சேர்ந்தது. ராசிங்காபுரம் திருப்பதியிடம் அரை ஏக்கரை நானூறு ரூபாய்க்கு ஒத்தி வைத்தான். ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை முடிவதற்குள் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் திருப்பதிக்கு என்று பேச்சு. திருப்பதி மோசமான ஆள் இல்லை. கெடுவை ஒரு தடவை சொன்னதோடு சரி, திரும்பத் திரும்பச் சொல்கிறவர் இல்லை. அதுவே பயமாக இருந்தது.

சோணைக்கு வேறொரு கடனும் இருந்தது. போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிற ஜேசுதாஸிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து நூற்றைம்பது ரூபாய் வாங்கியிருந்தான். லோடு ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிற நாளில் ஜேசுதாஸின் கடை வாசலில் வீரணன் தலையைக் குனிந்துகொண்டே போவான். ஒரு நாள் அவர் கூப்பிட்டுவிட்டார்.

“வீரணா, ஒங்கண்ணன் நோட்ட வக்கீல்கிட்டக் காட்டுனேன். மூணு வருசத்துல காலாவதியாகிச் செத்துப்போவும்னு நெனச்சேன். சாகலயாம்.”

“எப்பிடி மொதலாளி?”

“அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாளு ஒண்ணும் கணக்குல சேராதாம். கப்பல்ல ஏறின அன்னிக்கே கடியாரம் நின்னுபோச்சு. திரும்பி வந்து எறங்கினாத்தான் ஓடும். அதுவரைக்கும் நோட்டு பச்சைக் காய் மாதிரி அப்படியே இருக்கும்.”

வீரணன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான். “எங்கிட்டக் கேப்பீங்களா?”

“ஒன் கையெழுத்து அதுல இருக்கா? பெறகென்ன. அண்ணன் கடனுக்குத் தம்பியப் பிடிக்கச் சட்டத்துல எடம் இல்லடே.”

“எங்க ஊருல இருக்குது மொதலாளி.”

ஜேசுதாஸ் வாய்விட்டுச் சிரித்து, உள்ளே பார்த்து ஒரு டீ சொன்னார். வீரணன் டீயைக் குடித்துக்கொண்டே அந்தக் கடிகாரத்தை நினைத்தான். கோர்ட்டில் அண்ணனுக்குக் காலம் நின்றுவிட்டது. சிலமலையில் அது நிற்கவில்லை. அங்கே ஒவ்வொரு வருஷமும் யாருக்காவது கல்யாணம் ஆனது, யாருக்காவது காது குத்தினார்கள்.

ஐம்பத்தெட்டு ஆனியில் வீரணனின் மகள் ராமுத்தாய் பெரியவளானாள். ஆவணியில் சடங்கு வைத்தார்கள். எட்டு வருஷத்தில் வீரணன் வைக்கிற முதல் விசேஷம் அது. இத்தனை வருஷம் மூன்று ஊருக்கும் ஓடி ஓடிச் செய்திருக்கிறோம், ஒத்தி மீளும், மிச்சமும் நிற்கும் என்று அவன் நம்பியிருந்தான். பாக்கு வைத்த அத்தனை பேரும் வந்தார்கள். யாரும் குறை வைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் பந்தல் காலியானதும், சமையலுக்கும் மேளத்துக்கும் கொடுத்தது போக எண்ணினான். நூற்றுத் தொண்ணூறு ரூபாய் இருந்தது. மறுபடி எண்ணினான்.

“பக்கத்து வீட்டுப் பேச்சி எம்புட்டு எழுதியிருக்கா, பாருங்க” என்றாள் கருத்தம்மா.

“நாலு ரூவா.”

“அவ மகன் கல்யாணத்துக்குப் பதினஞ்சு வச்சமே?”

வீரணன் பதில் சொல்வதற்கு முன்பே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

“அதுல பன்னண்டு அண்ணன் பேருல வச்சது” என்றான் அவன். “எம்பேருல மூணு.”

கருத்தம்மா அவனைத் திட்டவில்லை. தரையில் சிந்திக் கிடந்த பாக்கையும் வெற்றிலையையும் பொறுக்கி எடுத்துத் தட்டில் போட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பேச்சிமுத்துவைப் பார்க்கப் போனான். அவர் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஊரு ஒன்ன ஏமாத்தலடா” என்றார். “நோட்டுல என்ன இருக்கோ அதச் செஞ்சிருக்கு. எங்க வீட்டு நோட்டுலயே சோணைக்கு எட்டு ரூவா வரவேண்டியிருக்கு. எல்லா வீட்டுலயும் இருக்கும். அவன் வந்து ஒரு பந்தலப் போடட்டும், ஒரே நாள்ல கொட்டிருவோம்.”

“அத எனக்குச் செஞ்சிரக் கூடாதா மாமா? தையில நெலம் போயிரும்.”

“ஒனக்குச் செஞ்சிட்டு, நாளைக்கு அவன் வந்து எம்மொய் எங்கடான்னு கேட்டா? ரெண்டு தடவ செய்யவா?”

பேச்சிமுத்து மாட்டின் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணு கேக்குறேன். அவன் வருவானா, வரமாட்டானா? வர்றவன்னா நாங்க காத்திருக்கோம், அவன் மொய் எங்கயும் போயிறாது. வரவே மாட்டான்னா, அவன் பேரச் சொல்லி நீ எல போடு. சாப்புட்டு, செஞ்சு, கணக்க முடிச்சுக்கிறோம். ஆனா வரமாட்டான்னு நீ சொன்னாப் போதாது மாப்ளே. அவன் வாயால வரணும்.”

அன்றைக்கே வீரணன் ஈப்போவுக்குக் கடிதம் எழுதிப் போட்டான். எல்லாவற்றையும் எழுதினான், தன் தப்பையும் எழுதினான். பிறகு மலையேறிவிட்டான். ஐப்பசி கடைசியில், லோடு ஜீப்பில் வந்த ஆள் கருத்தம்மா கொடுத்துவிட்டதாக அந்தப் பதிலைக் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்டோர் வாசலில் அடுப்பு வெளிச்சத்தில் குந்தியிருந்து படித்தான்.

‘அன்புள்ள தம்பி வீரணனுக்கு. நலம். நலமறிய ஆவல். நீ பட்ட கஷ்டத்தைப் படித்து உன் மதினி அழுதாள். இங்கே சுதந்தரம் வந்த பிறகு எல்லாரும் குடியுரிமை எடுக்கிறார்கள். நானும் எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் லாரி லைசென்சு கிடைக்காது. பையன் இங்கே படிக்கிறான். இங்கே பிறந்த சந்திரவல்லிக்கு ஆவணியில் காது குத்தினோம். இனிமேல் எங்களுக்கு இதுதான் ஊர். அங்கே எனக்கு வரவேண்டியது எது இருந்தாலும் நீயே எடுத்துக்கொள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் குடியுரிமை எடுத்தது ஊரில் தெரியவேண்டாம். சோணை வருவான் என்றே இருக்கட்டும். அப்படி நாலு பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இங்கே ஒரு தெம்பு.’

இரண்டு தடவை படித்தான். உள்ளே சூட்டைப் பார்க்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. எழுந்து போய்க் கையை நீட்டிப் பார்த்தான். சூடு சரியாக இருந்தது.

நாலு நாள் லீவு கேட்டுக்கொண்டு, குரங்கணி வழியாக நடந்தே இறங்கினான். இறங்குகிற வழியெல்லாம் ஒரே கணக்கு. சோணை எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டான். ஆனால் எதைச் சொன்னால் அது கைக்கு வருமோ அதைச் சொல்லாதே என்கிறான். வருகிறவனாக இருந்தால் பணம் கிடைக்காது. பணம் கிடைக்க வேண்டுமென்றால் அவன் வராதவனாக வேண்டும்.

வீட்டில் கடிதத்தை வாசித்துக் காட்டினான். கருத்தம்மா கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள்.

“மந்தையில வச்சு வாசிச்சிருங்க.”

“சொல்ல வேணாம்னு எழுதியிருக்காரே.”

“நெலம் போயிருச்சுன்னு அவருக்கு யாரு எழுதுவா?”

“எம்பேரு கெட்டுறாமப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“எட்டு வருசம் பாத்துக்கிட்டீகளே. போதாதா?” முறத்தைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. “எனக்கும் அலுத்துப்போச்சுங்க. அந்த ரெண்டாவது பாக்கப் பாத்தாலே வாசக்கதவச் சாத்திறலாம்னு இருக்குது.”

மறுநாள் ஊர் கூடும் மந்தையில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். பேச்சிமுத்து கல்லில் உட்கார்ந்திருந்தார். வீரணன் நின்றுகொண்டு வாசித்தான். குடியுரிமை என்ற இடத்தில் ஒருவர் நிறுத்தினார்.

“அப்படின்னா?”

“அந்த ஊர்க்காரன்னு எழுதிக் குடுத்திர்றது.”

“அப்ப இந்த ஊர்க்காரன் இல்லையா?”

“ரெண்டு எடத்துல இருக்க முடியாதுல்ல.”

மேலே வாசித்தான். ‘இனிமேல் எங்களுக்கு இதுதான் ஊர்’ என்பதையும் ‘நீயே எடுத்துக்கொள்’ என்பதையும் வாசித்தான். அங்கே நிறுத்தி, கடிதத்தை மடித்தான். கடைசி நாலு வரியை வாசிக்கவில்லை. வாசிக்கக் கூடாது என்று முன்கூட்டி நினைத்திருக்கவில்லை. கை மடித்துவிட்டது.

கப்பல் மொய் என்று கேலி செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். இப்போது அவர்கள் சிரிக்கவில்லை. பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“சரி. கார்த்திகையில ஒரு நாளப் பாத்து எல போடு.”

கார்த்திகையில் வீரணன் மறுபடி லீவு கேட்டு இறங்கி, தன் வீட்டுக் கிடாவை வெட்டி, வீட்டில் இருந்த நெல்லைக் குத்தி, அண்ணன் மகள் சந்திரவல்லியின் காதுகுத்துக்கு விருந்து வைத்தான். காது குத்திய பிள்ளை அங்கே இல்லை. தாய்மாமன் இல்லை, மேளம் இல்லை. வந்தவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். பாய் விரித்து, வீரணன் நோட்டை எடுத்து உட்கார்ந்தான். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவும்போது கருத்தம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் பேச்சிமுத்துவே வைத்தார். எட்டு ரூபாய். வீரணன் எழுதிவிட்டு நிமிர்ந்தான். ஒன்பதாவது ரூபாய் வரும் என்று அவன் கை காத்திருந்தது. பேச்சிமுத்து மடியை இறுக்கிக்கொண்டு, கூவுவதற்குத் தொண்டையைச் செருமினார்.

“சோணைக்கு. எட்டு ரூவா.”

அடுத்து பேச்சி வந்தாள். சோணை வீட்டுக் காதுகுத்தில் அவள் எழுதியிருந்தது போக ஏழு ரூபாய், மேலே எதுவும் இல்லை. அதற்கடுத்தவன் ஐந்தரை ரூபாய் வைக்க வேண்டியவன், ஆறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்பது நயா பைசா சில்லற இருக்கா?” என்று பின்னால் திரும்பிக் கேட்டான். ஒருவர் மாற்றிக் கொடுத்தார். இன்னொருவன் கால் ரூபாய்க்காகக் கடைக்கு ஆள் அனுப்பினான். எப்போதும் ஒரு ரூபாய் கூட வைக்கிற ஊர், அன்று சில்லறை தேடியது. யாருக்கும் சோணைமேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருப்பார்கள். அவரவர் நோட்டில் இருந்ததை எண்ணி வைத்துவிட்டு, வீரணனிடம் “வர்றேன்ப்பா” என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். துக்க வீட்டில்தான் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். இது அதுவும் இல்லை.

மொத்தம் இருநூற்று முப்பத்தேழு ரூபாய். வீட்டில் இருந்ததோடு சேர்த்து, விருந்துச் செலவு போக, திருப்பதிக்கு நானூறு கொடுத்த பிறகு பன்னிரண்டு ரூபாய் மிஞ்சியது. திருப்பதி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, “மொளகா போடுறியா இந்தத் தடவ?” என்று கேட்டார். வீரணன் போடலாம் என்றான்.

ஈப்போவுக்கு ஒரு கடிதம் எழுதினான். நிலம் மீண்டுவிட்டது, ராமுத்தாய் நலம், மதினியைக் கேட்டதாகச் சொல்லவும். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஜேசுதாஸின் நோட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சோணைக்கு இந்தப் பக்கத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். எழுதாமலே ஒட்டினான்.

மாசி பிறந்து ஆறாம் நாள், மேலத்தெருவிலிருந்து கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள். வீரணன் அரை ஏக்கரிலிருந்து அப்போதுதான் வந்து கைகால் கழுவியிருந்தான். ஈரத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

“புதங்கிழம முகூர்த்தம். பிள்ளகளக் கூட்டிக்கிட்டு வெரசா வந்துரணும் வீரணா.”

“வர்றேன்.”

ஒரு பாக்கை வைத்துவிட்டு அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். வீரணன் கையை மூடவில்லை. விரல்களை விரித்தபடி, இன்னொன்று வரவேண்டியது போல அப்படியே நின்றான். கருத்தம்மா உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டாக. கைய மடக்குங்க” என்றாள்.